வெளிச்சத்தில் பிடித்துப் பார்

முதலில் வாங்கியது ஃபேன்சி ஸ்டோரில்.
புருவம் பிடுங்குவது. ரோஸ் கலர், இருபது ரூபாய்.
சப்பை வாய்.
முடியைப் பிடிக்கும், கண்ணாடி நாரைப் பிடிக்காது.
மூன்றாம் நாளே அதன் கால்கள்
ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே,
சண்டை போட்ட இரவில் நாங்கள் படுப்பதுபோல.

உப்பனாற்றுக் கரையில்
ஃபைபர் படகு உரசுகிற வேலை அவருக்கு.
கையுறை போட்டால் பிடி வழுக்குதாம்.
மரச் சிலாம்பு என்றால் கறுப்பாய்த் தெரியும்.
கருவேல முள் என்றால் தலை காட்டும்.
இது கண்ணாடி.
உள்ளே போனதும் தோல் நிறமாகிவிடும்.
விரலை ஓட்டிக்கொண்டே போக வேண்டும்,
அவர் எங்கே ‘ஸ்’ என்கிறார் என்று.

முள்ளை முள்ளால் எடுக்கணும் என்று சொன்னவன்
கையில் முள் ஏறாதவன்.
ஒரு வாரம் ஊசியால் நோண்டினேன்.
ஊசி வழி காட்டும்,
வெளியே கூட்டிவராது.

அடுத்தது மஞ்சக்குப்பத்தில்,
பெரியாஸ்பத்திரிப் பக்கம் சர்ஜிகல் கடை.
ஒரு சாண் நீளம், நுனியில் பல்.
“எல்லாத்தையும் எடுக்கும்மா” என்றார்.
பஞ்சை எடுத்தது.
நாரைப் பிடிக்க நான் அமுக்கிய அமுக்கில்
கை நடுங்கி, பாதியில் ஒடிந்தது.
மீதி உள்ளே.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஏற்கெனவே ஒன்பது நாளாய்
ஒன்றும் சொல்லவில்லை.

என் தோட்டை
அவர் தம்பி வலைக்கு அடகு வைத்துவிட்டு
மறுநாள் சொன்னார்.
அதற்கு நான் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

அன்றிலிருந்து பேச்சில்லை.
சோறு வைப்பேன், சாப்பிடுவார்.
எட்டு மணிக்கு லைட்டுக்கு நேரே கையை நீட்டுவார்,
ரேஷன் கடையில் கார்டு நீட்டுவதுபோல.
நான் மூக்குக் கண்ணாடி தேடுவேன்.

லாரன்ஸ் ரோட்டில், போனில் சார்ஜ் ஏறவில்லை என்று கொடுத்தேன்.
கடைப் பையன் இதாயத்துல்லா
துளைக்குள் எதையோ விட்டு
ஒரு தூசியை எடுத்து மேசையில் வைத்தான்.
“அவ்ளோதாங்கா. காசு வேணாம்.”
நான் போனைப் பார்க்கவில்லை.
அவன் கையில் இருந்ததைப் பார்த்தேன்.

எதற்கென்று சொன்னேன்.
தன் புறங்கையில் ஒரே ஒரு முடியைப் பிடித்துக் காட்டினான்.
“டியூப்லைட்டுக்கு நேரா மூடிப் பாருங்க.
நுனியில வெளிச்சம் தெரிஞ்சா வேணாம்.
பேனா மாதிரி பிடிச்சா போதும், முறுக்கு பிழியக் கூடாது.
கீழ மட்டும் போட்றாதீங்க.
நுனி குத்தி விழுந்தா செத்துப்போச்சு.”

டப்பாவில் பதினாலு.
ஒவ்வொன்றாய் மூடி மூடிப் பார்த்தேன்.
சிலதில் வெளிச்சம் கோடாய் ஒழுகியது.
ஒன்று நுனியில் சேர்ந்தது,
இன்னும் அழுத்தினால் வாயைப் பிளந்தது.
பின்னால் ஒருவர்
உடைந்த டிஸ்ப்ளேவோடு பெருமூச்சு விட்டார்.
விடட்டும்.
எங்களைச் சேர்த்து வைத்தபோது
யாரும் இப்படிப் பிடித்துப் பார்க்கவில்லை.

பத்தாவது கறுப்பு.
மூடினால் ஒரே ஊசி.
நூற்றைம்பது சொன்னான், நூற்றிருபதுக்குத் தந்தான்.

ராத்திரி சோப்புப் போட்டுக் கை கழுவி வந்தார்.
நுனியை ஸ்பிரிட்டில் துடைத்தேன்.
எந்தச் சாய்வில் ஏறியதோ
அதே சாய்வில் இழுக்க வேண்டும்.
குறுக்கே இழுத்தால் ஒடியும்.
இது இதாயத்துல்லா சொல்லவில்லை,
ஒடித்து ஒடித்து நானே கண்டது.

ஏழு எடுத்தேன்.
பழைய குடைத் துணியில் வைத்தேன், மின்னியது.
எட்டாவது, கட்டைவிரல் மேட்டில்,
போன தடவை நான் ஒடித்துவிட்டது.

“அங்க இல்ல,” என்றார்.
பதினொரு நாளில் முதல் பேச்சு.
“கொஞ்சம் கீழ.”
“தெரியும்,” என்றேன்.
தெரியாது.

தோட்டைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
எட்டாவது வந்தது,
நினைத்ததைவிட நீளம்.

நுனிக்கு சைக்கிள் வால்டியூப் துண்டு மாட்டினேன்.
பத்திரமாய் வைக்க ஒரு இடம் வேண்டுமே.
பீரோவில் அந்தச் சிவப்பு வெல்வெட் டப்பா,
தோடு இருந்தது,
இப்போது காலிதான்.
அளவு சரியாக இல்லை,
சாய்த்து வைத்தால் மூடுகிறது.