விலை பேசுமுன்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், பிரதாப் சார்.
நிறையை நீங்களே கண்டுபிடித்து
முகத்தில் காட்டாமல் மறைத்துக்கொள்வீர்கள்.

இதற்கு இரண்டே கியர்.
ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இந்தக் குச்சி,
'டி' என்றால் ரோடு, 'எல்' என்றால் மேடு,
நடுவில் ஒன்றும் இல்லை.
பர்கூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை அது தெரியாது,
மடியில் தூங்கும் பிள்ளை புரண்டுகூடப் படுக்காது.
தொப்பூர் ஏற்றத்தில் தெரியும்.
முன்னால் கல் ஏற்றிய லாரி
நாற்பதைத் தாண்ட விடாது.
மேல் கியரில் எஞ்சின் முனகும்.
மிதித்தால் கீழ் கியரில் விழுந்து
கணவாய் முழுக்கக் கேட்கக் கத்தும்.
காலை எடுத்தால் மறுபடி முனகல்.
அந்த நாற்பதுக்கென்று ஒரு கியர் வேண்டுமென
செய்தவனுக்குத் தோன்றவில்லை.
அவன் ஊரில் லாரி முந்த இடம் கொடுக்குமோ என்னவோ.

இறக்கத்தில் குச்சியை 'எல்'லுக்கு இழுக்க மறந்தால்
கோயில் வளைவு வருமுன்பே
பிரேக் கருகும் வாடை வரும்.
நான் ஒருமுறை மறந்தேன்.
ஒருமுறைதான்.

பெட்ரோல், லிட்டருக்கு ஐந்து.
ஐந்து என்பது மரியாதைக்குச் சொல்வது.
எண்ணெய் கசியும், சிவப்பு எண்ணெய்.
போர்ட்டிகோவில் எங்கள் குவாரிக் கல்,
கண்ணாடிபோல் மெருகேற்றிய கறுப்பு,
கறை கண்ணுக்குத் தெரியாது,
விரல் வைத்தால் தெரியும்.
ஒருநாள் பெட்டியோரம் ஒட்டியிருக்கும்
சின்ன டப்பாவின் ரப்பர் கிழிந்து
கியர் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக் குடித்தது.
ஜவுளிக் கடைத்தெரு முழுக்க வெள்ளைப் புகை.
கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று
சேலைகளை உள்ளே எடுத்தார்கள்.

அவ்வளவுதான் குறை.

பழையபேட்டை பியாரேஜான் பெட்டியைத் திறந்தது
முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒருமுறை.
பீடியைக் காதில் செருகிக்கொண்டு
அரைமணி நேரம் பார்த்தார்.
"இதுல கெட்டுப்போக என்னம்மா இருக்கு?"
கழுவி, மூடி, நூற்றைம்பது வாங்கினார்.
குவாரியில் பேட்டரி செத்த நாளில்
பையன்கள் சரிவில் தள்ளினார்கள்,
வேகம் பிடித்ததும் குச்சியைப் போட்டேன், உயிர் வந்தது.
இன்றைய ஆட்டோமேட்டிக் எதையாவது
அப்படித் தள்ளிப் பாருங்கள்.

உங்களோடு வந்த தம்பி சற்றுமுன்
உங்களிடம் கிசுகிசுத்தான்,
பெட்டியைக் கழற்றிவிட்டு ஆறு கியர் போடலாமென்று.
எனக்குக் கால்தான் கோளாறு, தம்பி, காது இல்லை.

மூன்று வயதில் வந்த காய்ச்சல்
இடது காலை எடுத்துக்கொண்டு போனது.
ஏழு பிளாக் கல்லுக்கான பாக்கிக்கு
மெட்ராஸ் ஃபைனான்ஸ்காரர்
பணத்துக்குப் பதில் இந்த இம்பாலாவை அனுப்பியபோது
மாதையன் வாசலில் நின்று திட்டினார்.
நான் உட்கார்ந்து பார்த்தேன்.
கீழே இரண்டே மிதி.
அன்று இந்த ஜில்லாவில்
எனக்கு ஓட்ட முடிந்த கார் வேறு ஒன்று இருந்ததா,
தெரியாது, நான் பார்த்ததில்லை.
அவருக்குச் சிறுநீரகம் போனபின்
நாலு வருடம் சேலம் ஆஸ்பத்திரிக்கு,
வாரம் ஒருமுறை தொப்பூர் இறங்கி, தொப்பூர் ஏறி.
அந்தக் கத்தலில்
பின்சீட்டில் அவர் முனகியது கேட்கவில்லை.
அது குறையா நிறையா,
நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கழற்றுவதானால் கழற்றுங்கள்,
உங்கள் பணம், உங்கள் கார்.
ஆனால் விலையில் பத்தாயிரம் தள்ளித் தருகிறேன்,
பெட்டியை மட்டும் திருப்பி அனுப்புங்கள்.
லாரி வாடகை என்னுடையது.
என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள்.

இந்தாருங்கள் சாவி.
ஒரு வாரம் வரை உங்கள் இடது கால்
இல்லாத கிளட்சைத் தேடும்,
பழக்க தோஷம்.
என்னுடையது தேடியதே இல்லை.