எஃகில் இருந்த மூன்று புள்ளி

இரவு பதினொன்றே கால். ஜாலான் டூத்தா ஏற்றத்தில்
அவசர விளக்குகள் கண்சிமிட்ட
ஒரு சிவப்பு ஃபியெஸ்தா நின்றிருந்தது.
மழை விட்டுவிட்டது. தார் இன்னும் ஆவி விட்டது.

"எஞ்சின் ஓடுது அண்ணே,
சக்கரத்துக்குத்தான் காது கேட்கல."
தாதி உடுப்பு. பாரத்தில்
தாரிணிதேவி என்று எழுதினாள்.

நான் இழுவை லாரிக்காரன்.
கொக்கிக்கு எல்லா மார்க்கும் ஒரே கனம்.
இருந்தாலும் மூக்கில் அந்த நீல முட்டை வட்டத்தைக் கண்டதும்
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
இந்த மாதம் இது நாலாவது. அதே கியர்பெட்டி.

தமிழ்ப்பள்ளி இலக்கணம் எனக்கு நாலு வரிதான் மிச்சம்.
ஆய்தம் தனித்து நிற்காது.
முன்னால் ஒரு குறில் வேண்டும், பின்னால் ஒரு வல்லினம்.
எஃகு என்று எழுதினால்
நடுவில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும்.
அந்த எழுத்து இந்தக் கம்பெனி பெயருக்கு மட்டும்
வரிசையை வெட்டி முன்னால் வந்து நிற்கிறது,
டோல் சாவடியில் மூக்கை நுழைக்கும் பெரிய வண்டி மாதிரி.
ஃபோர்டு.
மூன்று புள்ளி. கழன்று விழுந்த மூன்று நட்டு.

முன்னால் வந்து நின்றதுதான் அவர்கள் சரித்திரமே.
ஆளை நிற்கவைத்து வண்டியை நகரவிட்டார்கள்.
ஒருவனுக்கு ஒரு நட்டு, நாள் முழுக்க அதே நட்டு.
நாளுக்கு ஐந்து டாலர் என்றதும் ஊரே வாசலில் திரண்டது.
பிறகு வீடு வரைக்கும் ஆள் அனுப்பி
குடிக்கிறாயா, சேமிக்கிறாயா என்று
எட்டிப் பார்த்தார்கள்.

டயருக்கு ரப்பர் நம் பக்கமிருந்து போனது.
கேட்ட விலையைக் கொடுக்க மனம் வரவில்லை.
அமேசானில் காட்டை அழித்துத்
தாமே நட்டுப் பார்த்தார்கள்.
ரப்பர் பிறந்த மண் அது. இலை கருகிச் செத்தது.
பிழைக்க வந்த இடத்தில் தழைத்த மரம்
பிறந்த வீட்டில் பிழைக்கவில்லை.
இதைச் சொன்னால்,
"நீ என்ன சொல்ல வர்றே?" என்கிறார்கள்.
ஒன்றுமில்லை. மரத்தைத்தான் சொன்னேன்.

எஞ்சின் மூடிமேல் பாரத்தை வைத்து
அவள் கையெழுத்துப் போட்டபோது
நாற்பத்திரண்டு ஞாபகம் வந்தது.
வெள்ளைக்காரன் ஜப்பான்காரனிடம் சரணடைந்து
கையெழுத்திட்டது
சிங்கப்பூரில் இவர்கள் தொழிற்சாலையில்தான்.
சொல்ல வாய் வந்தது. அவள் முகம் பார்த்து விழுங்கினேன்.

லாரியில் ஏறியதும் அவளே பேசினாள்.
"எல்லாரும் மைவி வாங்கு, மைவி வாங்குன்னாங்க.
எங்க அடுக்குமாடியில மட்டும் முப்பது மைவி.
என் வண்டி எதுன்னு தேடித் திரியணுமா லா?
ஒன்பது வருசக் கடன். இது ஏழாவது."
"வித்துடலாமே?"
"யாரு வாங்குவா? நீங்க வாங்குவீங்களா?"
நான் வைப்பரைப் போட்டேன். மழையே இல்லை.

செகாம்புட்டில் போமேன் அ ஹெங்
பாதித் தூக்கத்தில் ஷட்டரைத் தூக்கினான்.
"டெல்ஸ்டார், லேசர் காலம் நல்ல காலம்" என்றான்,
"மூடியைத் திறந்தா உள்ளே மஸ்டா."
தானே சிரித்துக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை.
விலை கேட்டாள். சொன்னான்.
கொஞ்ச நேரம்
எதிர்வரிசையில் ஒரு நாய் குரைப்பதை
மூவரும் கேட்டோம்.

தட்டைச் சாய்த்து நியூட்ரலில் விட்டேன்.
எந்தக் கியரிலும் இல்லாதபோது
எவ்வளவு அழகாக இறங்குகிறது இந்த வண்டி!

டோல் அட்டை, குடை, ஒற்றைச் செருப்பு,
எல்லாவற்றையும் பைக்குள் திணித்தவள்
திரும்ப உள்ளே போய் உட்கார்ந்து
எஞ்சினை உயிர்ப்பித்தாள்.
நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை
இடக்கோடிக்கு ஒருமுறை, வலக்கோடிக்கு ஒருமுறை
ஒற்றை விரலால் திருப்பினாள்.

"இது மட்டும் எந்த மைவியும் தராது அண்ணே."

நூற்றைம்பது வெள்ளி என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டு நூற்றிருபது என்று எழுதினேன்.
ஏன் என்று அவளும் கேட்கவில்லை.