இடது கண்

கண்ணைக் கூர்மையாக்கு, தோலை மெதுவாக்கு.
தொழில் இவ்வளவுதான்,
யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

மங்களேஸ்வரி அக்காவின் குரல்செய்தி:
"என் மோவாய்ப் பரு வேணாம் தம்பி.
அவர் நெத்திச் சுருக்கம் கொஞ்சம்,
ரொம்ப எடுத்தீங்கன்னா யாரோ மாதிரி ஆயிடுவார்."
பின்னால் குக்கர், மூன்றாவது விசில்.

செங்காங்கில் மணி இரண்டு.
கடைசி ரயில் போய் வெகுநேரம்.
அவர் நெற்றிக்கு நாற்பது விழுக்காடு மங்கல்.
இமைமயிர், சேலை ஜரிகை, பெரியவனின் சட்டைப் பொத்தான்,
சின்னவனின் ஆடும் பல்
எதையும் மிதிக்காமல் சுற்றிப் போகிறது பிரஷ்,
துடைத்த தரையில்
கால் வைக்க இடம் தேடுகிறவன் போல.

அக்காவின் இடது கண்.
பெரிதாக்குகிறேன். கூர்மையாக்குகிறேன்.
கருவிழிக்குள் பொங்கோல் நீர்க்கரையின் வானம்,
என் வெள்ளைக் குடை, கேமராவோடு நான்.
எனக்குப் பின்னால்
நொய்யரிசி அளவில்
கைகட்டி நிற்கிறாள் இளவேனி.

படத்துக்கு வரமாட்டேன் என்றவள்.
"நாங்க நாலு பேர்தான், எடுங்க"
என்று அவள் அப்பா சொன்னபோது
செருப்பு நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தவள்.

லென்ஸைப் பாருங்க, லென்ஸைப் பாருங்க என்று
மூன்று முறை சொன்னேன்.
அக்கா ஒருமுறையும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஒரு தடவல் போதும்,
வெறும் ஒளிப்புள்ளி ஆகிவிடுவாள்.
பிரஷ்ஷை அங்கே கொண்டுபோய்
வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.

இருபதுக்கு முப்பது பிரிண்ட்,
சோபாவுக்கு மேல் மாட்டுவார்களாம்.
நாற்காலி போட்டு ஏறி, மூக்கு உரசப் பார்த்தால்
ஒருவேளை தெரியலாம்.

ரசீதில் நான்கு பேர் என்றுதான்
போட்டிருக்கிறேன்.