ஐந்தாவது பெட்டி

அரசடிச் சந்தியில் குடை விரித்து
நடப்பவரை எண்ணுகிறேன்.
நாட்கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு.
நடைபாதைக்கு எத்தனை கோடியென்று
புவிதரன் சேர் சொன்னார்;
பூச்சியங்களில் தடுக்கிக்கொண்டேன்.

ஆண், பெண், பிள்ளை, ஊன்றுகோல்.
நாலே பெட்டி.
மாட்டுக்கு இல்லை.
அதுதான் நடுவீதியில்
ஹோர்னுக்கும் விலகாமல் போகிறது.

பத்தரை வெயிலில் தாள் வெறுமை.
"ஒருத்தரும் நடக்கிறதில்லையே,
மறுகா எதுக்குக் காசு?" என்றார் சேர்,
மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே.

மருந்துத் துண்டோடு ஒருத்தி
எதிர்ப்பக்கப் பார்மசியைப் பார்த்து நின்றாள்.
லொறி. பஸ். மணல் டிப்பர். மறுபடி பஸ்.
ஒரு காலை இறக்கினாள், எடுத்தாள்,
வந்த வழியே கிறுகிப் போனாள்.

அவளை எதில் போட?

தாளோரத்தில் இன்னொரு பெட்டி கீறினேன்.
பின்னேரம் அது வழிந்து
பின்பக்கத்துக்கும் போயிற்று.
கையெழுத்து வைக்க
முன்பக்கம் மட்டும் கேட்கிறார் சேர்.