தட்டு எண் நாற்பத்தொன்று

கிராஃப்-ரைனெட்டுக்குத் தெற்கே
பதினோரு மாதமாய் மழையில்லை.
நண்பகலில் செடி துவள அதுவே போதும் என்றார்கள்.
நானும் தலையாட்டினேன்,
பாலைவனத்தில் பிறந்த குவாயூலே
வெயிலுக்கு வாடாது என்று படித்திருந்தும்.

ரப்பர் என்றால் கீறிச் சிரட்டையில் பிடிப்பது
என்றிருந்தார் டிராக்டர் ஓட்டும் பீட்ரஸ்.
இது வடியாது.
பட்டைக்குள் அறை அறையாய்ப் பூட்டி வைத்திருக்கும்;
வேரோடு பிடுங்கி அரைத்தால்தான் தரும்.

பிடுங்கினோம்.
முதல் வரிசைக்குக் கடப்பாரை வேண்டியிருந்தது.
ஏழாம் வரிசையில்
பீட்ரஸ் ஒற்றைக் கையால் இழுத்தார், வந்துவிட்டது.
அப்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
வேரெங்கும் கழலை:
கடுகளவு, மிளகளவு, ஓரிடத்தில் சுண்டைக்காய்.

விடுதி அறையில் புனல், மெல்லிய தாள், மண்.
இரவெல்லாம் ஊறட்டும்.
நீர் கண்டால் நெளிந்திறங்கும் நூற்புழு
காய்ந்த மண்ணில் ஒரு முழம்கூடப் போகாதே,
இங்கே எப்படி வந்தது?

விடியலில் நுண்ணோக்கி. கையில் எண்ணும் பொத்தான்.
டிக். டிக்.
ஊசியில் கோக்க எச்சில் தொட்ட நூல்நுனி போல்
ஒவ்வொன்றும்.
ஒரு குவளை மண்ணில் ஆயிரத்து எண்ணூற்றாறு.
கழலையைப் பிளந்தால் பெண்புழு,
உருண்டு வெளுத்து, ஆடாமல் அசையாமல்.
வேருக்குள் தலைகொடுத்த நாள்முதல்
அவளுக்கு அங்கேயே அடுக்களை, அங்கேயே பேறு.
செடியைக் கொல்லும் எண்ணமெல்லாம் அவளுக்கில்லை,
பசிதான்.

நடவு வரைபடத்தை விரித்தேன்.
ஏழு, எட்டு, ஒன்பதாம் வரிசைகள்:
வெருலம் நாற்றங்கால், தட்டு நாற்பத்தொன்று.
ஆவியில் வேகவைத்த மணல் அன்று தீர்ந்துபோனது.
தக்காளிப் பாத்தியோரம்
மூன்று தள்ளுவண்டி அள்ளியது யார்?
"மண் தூய்மை சரிபார்க்கப்பட்டது.
தேஷ்னி படையாச்சி."
என் 'ஷ்' எப்போதும் கொஞ்சம் சாயும்.

பண்ணைக்காரர் ஃபெர்மாக் தொலைபேசியில் கேட்டார்:
"வறட்சிதானே? வறட்சிக்கு நிவாரணம் உண்டு."
அவர் குரலில் ஒரு கதவு திறந்தே இருந்தது.
வறட்சி, ஒரே சொல்.
நான் எழுதியது பதினேழு வரி,
தட்டின் எண்ணோடு, பெயரோடு.

வாசலில் காலணி கழுவிய வாளியைத் தூக்கி
எங்கே கொட்ட, என்றார் பீட்ரஸ்.
தார்ச்சாலையில், நடுவெயிலில், என்றேன்.
காயும்வரை
இருவரும் நின்று பார்த்தோம்.