பாதி சாகும் அளவு

எழுபத்திரண்டு மணி நேரத்தில்
குடுவைப் பாசி பாதி சாக
எவ்வளவு நஞ்சு வேண்டும்?
இருபத்திரண்டு வருடமாக
இதுதான் என் சோறு.

குளச்சல் துறைமுகம், மாதிரி எண் பதினான்கு.
செம்பு எக்கச்சக்கம்.
படகின் அடிப்பூச்சு;
சிப்பி ஒட்டாது, டீசல் மிச்சம்.

படகு ஆன்றோஸ் அண்ணனுடையது.
"பாசி செத்தா ஆருக்குப் பிள்ளே நட்டம்?"
தூரிகையை டின்னில் தட்டிக்கொண்டே கேட்டான்.

அறிக்கையில் அவன் பெயர் இல்லை.
எண் இருக்கிறது.
அந்த எண்ணை இரண்டு முறை அழித்தேன்,
மூன்று முறை எழுதினேன்.

நுண்ணோக்கியில் இப்போது
ஒரே ஒரு செல், ஓரம் வெளிறி
நடுவில் மட்டும் பச்சை.
எந்தப் பாதியில் சேர்க்க?

மேசையில் அண்ணி கொடுத்தனுப்பிய தூக்குவாளி.
சாளைக் குழம்பு.
மூடியைத் திறக்காமலே
வாசம் வருகிறது.
பசிக்கவும் செய்கிறது.