வாடகை நாற்காலிகள்

மசேருவில் ஜீன்ஸ் தைக்கிற எங்கள் கூடத்துக்கு
இன்று விடியற்காலை லாரியில் நாற்காலிகள் வந்தன.
இஸ்திரி மேசைக்கு ஒன்று, பித்தான் எந்திரத்துக்கு ஒன்று.
முதுகு சாய இடமுள்ள இருக்கை என்று
சட்டத்தில் இருக்கிறதாம்.

லிம்போ உட்காரத் தெரியாமல் உட்கார்ந்தாள்.
ஆறு வருஷம் நின்ற கால்
தரையைத் தேடியது.

பத்தரைக்கு ஆய்வாளர்.
குடிநீர்க் குழாயைத் திருகினார்.
தீ வாசலைத் தள்ளினார்:
திறந்தது,
நேற்றுத்தான் எண்ணெய் விட்டிருந்தார்கள்.
மேலாளர் சிரித்தார்.

பிறகு லிம்போவை எழச் சொல்லி
நாற்காலியைக் கவிழ்த்தார்.
அடியில், வெள்ளைச் சாயத்தில்,
எங்கள் தெரு ஈமச் சங்கத்தின் பெயர்.

"எத்தனை நாளாக இது இங்கே?"

"போன தடவை இதில் உட்கார்ந்தது
அக்காவைப் புதைத்த அன்று"
என்றாள் லிம்போ.

பேனா ஓடுகிற சத்தம்.

சனிக்கிழமை ஒரு சாவு இருக்கிறது.
அதற்குள் திருப்பித் தர வேண்டும்.